ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் மாட்யூல் உடைகிறதா? நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வெளியே, அதில் ஏற்றி ஓட்டும் ஒரு மாட்யூலைத் தனியாக எழுதிப் பராமரிக்கும் எவருக்கும் இது பழகிய தொல்லை. கெர்னல் அப்டேட் ஆகிறது. நேற்று வரை ஓடிய மாட்யூல் இன்று ஏற மறுக்கிறது. கெர்னல் லாகைப் பார்த்தால், ‘மாட்யூல்_லேஅவுட்’ என்ற சிம்பலின் (மாட்யூல்கள் பயன்படுத்தக் கெர்னல் வெளியே காட்டும் பெயரின்) பதிப்பு ஒத்துவரவில்லை என்று ஒற்றை வரிப் புகார். சரி, மறுபடி கம்பைல் செய்வோம் என்று போனால், போன பதிப்பில் இருந்த ஃபங்ஷன் இதில் இல்லை. அப்படியே இருந்தாலும் அதற்கு ஆர்கியுமென்ட் ஒன்று குறைந்திருக்கிறது.

அப்புறம்தான் கேள்வி வருகிறது. டிகேஎம்எஸ் என்ற கருவியில் போட்டு ஒவ்வொரு இயந்திரத்திலும் அங்கேயே கம்பைல் ஆகட்டும் என்று விடுவதா? சிம்பல்களை மாற்ற மாட்டோம் என்று உறுதி தரும், ரெட் ஹாட் போன்ற ஒரு லினக்ஸ் விநியோகத்தின் கெர்னலை நம்பி இருப்பதா? கெர்னலின் அதிகாரபூர்வ மூலக் குறிமுறையான மெயின்லைனுக்கே அனுப்பிவிடுவதா? இல்லை, கெர்னல் மாட்யூலே வேண்டாம் என்று வெளியே வந்துவிடுவதா? இதுபற்றி என்னிடம் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கடைசி இரண்டில் ஒன்றுதான் பொருத்தம் என்பது என் கணிப்பு.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட வேண்டும். பயனர் நிரல்களுக்குக் கெர்னல் கொடுக்கும் வாக்கு வேறு, மாட்யூல்களுக்குக் கொடுப்பது வேறு. சிஸ்டம் கால் வழியாக வரும் பழைய நிரல் புதிய கெர்னலிலும் ஓடியாக வேண்டும் என்பதில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுப்பதே இல்லை. கெர்னலுக்கு உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு அப்படி ஒரு வாக்கு கிடையாது. கெர்னல் ஆவணங்களோடு வரும், கெர்னல் பராமரிப்பாளர் க்ரெக் க்ரோவா ஹார்ட்மனின் கட்டுரை ஒன்று இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறது. ஆக, எந்த வழியில் போனாலும் மாற்றம் வரத்தான் போகிறது. அதன் சுமையை யார் தலையில் வைப்பது என்பதுதான் நாம் எடுக்கும் முடிவு.

## சிம்பல் டேபிள் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

கெர்னலில் உள்ள எல்லா ஃபங்ஷன்களையும் மாட்யூல் கூப்பிட முடியாது. எக்ஸ்போர்ட் செய்யப்பட்டவை மட்டுமே கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு ஒத்துப்போகும் மாட்யூல்களுக்கு மட்டும். 2019இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து சிம்பல்களுக்குப் பெயர்வெளிகளும் உண்டு. ஒரு பெயர்வெளியில் இருக்கும் சிம்பல் வேண்டுமானால் மாட்யூல் அதை வெளிப்படையாக இறக்குமதி செய்ய வேண்டும்.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. மாட்வெர்ஷன்ஸ் என்ற அமைப்பு இயங்கும் கெர்னல்களில், எக்ஸ்போர்ட் ஆகும் ஒவ்வொரு சிம்பலுக்கும் 32 பிட் சிஆர்சி எண் (சரிபார்ப்பு எண்) ஒன்று கணக்கிடப்படும். ஃபங்ஷனின் அறிவிப்பு, அது எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரக்ட்கள், அவற்றுக்குள் இருக்கும் ஸ்ட்ரக்ட்கள் என்று கிளை கிளையாக இறங்கிப் போய் வகைகளை எல்லாம் விரித்து எழுதி, அந்த எழுத்துக்கோவையிலிருந்து இந்த எண் வருகிறது. மாட்யூல் கம்பைல் ஆகும்போது தனக்குத் தேவையான சிம்பல்களின் எண்களைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஏறும்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

எல்லோரும் முதலில் பார்க்கும் அந்த மாட்யூல்_லேஅவுட் புகார் இங்கிருந்துதான் வருகிறது. அது யாரும் வேலைக்குக் கூப்பிடுகிற ஃபங்ஷன் இல்லை. மாட்யூலையே விவரிக்கும் ஸ்ட்ரக்ட் முதலான சில அடிப்படை வகைகளை ஆர்கியுமென்டாக வைத்து, சிஆர்சி கணக்குக்காகவே உருவாக்கப்பட்ட வெற்று ஃபங்ஷன். எல்லா மாட்யூல்களும் இந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அதனால் கெர்னல் கட்டமைப்பில் ஏதாவது பெரிதாக மாறியிருந்தால் முதலில் அலறுவது அதுதான். நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் சிம்பல்களில் எது மாறியது என்று அந்த வரி சொல்லாது. அதற்கு இரண்டு கெர்னல்களின் மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்புகளை எடுத்து, உங்கள் மாட்யூல் கேட்கும் சிம்பல்களுக்கு மட்டும் எண்களை ஒப்பிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு இரண்டு குறைகள் உண்டு. சில நேரம் வீணாக அலறும். எங்கோ ஆழத்தில் ஒரு ஸ்ட்ரக்ட்டில் புலம் ஒன்று சேர்ந்தாலும், அதைத் தொடும் நூற்றுக்கணக்கான சிம்பல்களின் எண் மாறிவிடும். உங்கள் மாட்யூல் அந்தப் புலத்தின் பக்கமே போகாமல் இருக்கலாம். இன்னும் வேடிக்கை, கெர்னலின் ஒரு கோப்பில் ஹெடர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாலே எண் மாறலாம். அதுவரை வெறும் பெயராகத் தெரிந்த ஸ்ட்ரக்ட், ஹெடர் வந்ததும் உள்ளடக்கத்தோடு தெரிய ஆரம்பிப்பதுதான் காரணம். நினைவகத்தில் ஒரு பைட் கூட நகர்ந்திருக்காது.

மற்றொரு குறை இதற்கு நேர் எதிர், ஆபத்தும் அதிகம்: அலற வேண்டிய இடத்தில் மௌனமாக இருக்கும். ஒரு லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று விதி மாறினால் அறிவிப்பில் எந்த மாற்றமும் தெரியாது, சிஆர்சியும் மாறாது. இன்லைன் ஃபங்ஷன்களின் உடல் உங்கள் மாட்யூலுக்குள்ளேயே கம்பைல் ஆகிவிடுவதால் அவற்றின் மாற்றமும் இந்தச் சோதனையில் சிக்காது. எண் ஒத்துப்போனால் வடிவம் ஒத்துப்போகிறது என்று மட்டும்தான் பொருள்.

ரஸ்ட் மொழியின் வகைகளைப் பழைய கருவியால் படிக்க முடியாது என்பதால், டிபக் தகவலான ட்வார்ஃபிலிருந்து சிஆர்சி கணக்கிடும் புதிய கருவி 6.14 பதிப்பில் வந்தது. கருவி புதிது என்றாலும் மேலே சொன்ன மௌனம் அதற்கும் பொருந்தும்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, மாட்யூல் ஓடப்போகும் இயந்திரத்தில் எந்தக் கெர்னல் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது யார்? நீங்களா, வாடிக்கையாளரா, லினக்ஸ் விநியோகமா? என்னைக் கேட்டால், மீதி எல்லாக் கேள்விகளையும் விட இதற்குத்தான் எடை அதிகம். சாதனத்தோடு கெர்னலையும் நீங்களே தருகிறீர்கள் என்றால் பாதிப் பிரச்சினை இல்லை.

அடுத்து, உங்கள் மாட்யூல் வெளியிலிருந்து எத்தனை சிம்பல்களைக் கேட்கிறது, அவை எப்படிப்பட்டவை? இதைக் கையால் எண்ண வேண்டாம். மாட்ப்ரோப் கருவியிடம் மாட்யூலின் பதிப்புப் பட்டியலைக் காட்டச் சொன்னால் எண்ணும் பெயருமாக வரிசையாகக் கொட்டிவிடும். நினைவகம் ஒதுக்குவது, லாக், அச்சிடுவது போன்றவை மட்டும் என்றால் கவலை குறைவு. கோப்பு முறைமையின் உள் அடுக்கு, நினைவக மேலாண்மை, நெட்வொர்க் சாதன ஸ்ட்ரக்ட்கள் என்று நீண்டால் ஒவ்வொரு பதிப்பிலும் எங்காவது இடிக்கும்.

மூன்றாவது உரிமம். மாட்யூல் ஜிபிஎல்லோடு பொருந்தாது என்றால் வழிகள் சட்டென்று சுருங்கும். பொருந்தாத மாட்யூலுக்கு நடுவில் ஜிபிஎல் மாட்யூல் ஒன்றை வைத்துச் சுற்றிவரும் உத்தியையும் 2020இல் 5.9 பதிப்பு அடைத்துவிட்டது.

அப்புறம் களத்தின் நிலைமை: அந்த இயந்திரத்தில் கம்பைலர் வைக்கலாமா, கையொப்பம் இல்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்குகிறதா, மாட்யூல் ஏறாவிட்டால் இயந்திரத்தை நெட்வொர்க்கில் அணுகவே முடியாமல் போகுமா? கடைசியாக, எத்தனை வருடம் இதை இழுத்துப்போகப் போகிறீர்கள்? (அட்டவணையில் கேஏபிஐ என்பது கெர்னல் மாட்யூல்களுக்குக் காட்டும் பைனரி இடைமுகம்; ஐஆக்டில் என்பது பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி.)

| அளவுகோல் | டிகேஎம்எஸ் | உறையவைத்த கேஏபிஐ | மெயின்லைன் | கெர்னலுக்கு வெளியே |
|---|---|---|---|---|
| மாற்றத்தின் சுமை யாருக்கு | உங்களுக்கு, ஒவ்வொரு பதிப்பிலும் | விநியோகத்துக்கு | மாற்றத்தைச் செய்பவருக்கு | பெரும்பாலும் கெர்னலுக்கு |
| கெர்னல் பதிப்புகளின் வீச்சு | அகலம் | ஒரே விநியோகம், ஒரே கிளை | சேர்ந்த பதிப்பிலிருந்து எல்லாமே | அகலம் |
| ஜிபிஎல் அல்லாத குறிமுறை | முடியும், சிம்பல் தடை உண்டு | முடியும், அதே தடை | முடியாது | பயனர் பகுதிக்குத் தடை இல்லை |
| களத்தில் கம்பைலர் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் |
| தொடக்க உழைப்பு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | மறுவடிவமைப்பைப் பொறுத்து |
| மறைந்திருக்கும் செலவு | தோல்வி அடுத்த பூட்டில்தான் தெரியும் | பட்டியலில் இல்லாத சிம்பல்கள் | உங்கள் ஐஆக்டில் நிரந்தர வாக்காகிவிடும் | வேகம், வசதி வரம்புகள் |

## டிகேஎம்எஸ்: மூலக் குறிமுறையைக் கொடு, அங்கே கம்பைல் ஆகட்டும்

டெல் நிறுவனத்தில் உருவான கருவி இது. மூலக் குறிமுறையை இயந்திரத்திலேயே வைத்திருந்து, புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கு ஏற்பக் கம்பைல் செய்து நிறுவிவிடும். சிஆர்சி பற்றிய கவலையே இல்லை. எந்தக் கெர்னலோ அதன் ஹெடர்களை வைத்தே கம்பைல் ஆவதால் எண்கள் தானாகப் பொருந்தும்.

ஆனால் கம்பைல் ஆக வேண்டுமே. பைனரி இணக்கத்தைத் தூக்கிப்போட்டதற்குப் பதிலாக மூல அளவிலான இணக்கம் உங்கள் பொறுப்பாகிறது. சில வருட மாற்றங்களைப் பாருங்கள். 5.0இல் ஆக்சஸ்_ஓகேயின் முதல் ஆர்கியுமென்ட் போனது. 5.6இல் ப்ராக் கோப்புகளுக்குப் பொதுவான ஃபைல்_ஆபரேஷன்ஸ் போய்த் தனியாக ப்ராக்_ஆப்ஸ் வந்தது. 6.4இல் கிளாஸ்_கிரியேட்டின் ஆர்கியுமென்ட் ஒன்று குறைந்தது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் புதிய மெயின்லைன் பதிப்பு ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒன்று வருகிறது. வருடக்கணக்கில் சேர்ந்தால் உங்கள் டிரைவரில் வேலை செய்யும் வரிகளை விட ‘இந்தப் பதிப்பு என்றால் இப்படி’ என்ற வரிகள் அதிகமாகிவிடும்.

அதைவிட மோசம், பதிப்பு எண்ணை நம்புவது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8இன் கெர்னல் தன்னை 4.18 என்று சொல்லிக்கொள்ளும். உள்ளே பிந்தைய பதிப்புகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மாற்றங்கள் ஏராளம். 4.18 என்றால் பழைய வடிவம் என்று உங்கள் குறிமுறை நினைத்துக்கொண்டால் அங்கே உடையும். மெயின்லைன் பக்கத்திலும் ஒரு கூத்து நடந்தது. பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதிக்கு 8 பிட் இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. 2021 தொடக்கத்தில் 4.4.256, 4.9.256 என்று பதிப்புகள் வந்தபோது அது நிரம்பி வழிந்தது. கணக்குப்படி 4.4.256ம் 4.5.0வும் ஒரே எண். அதன் பிறகு அந்தப் பகுதி 255ஐத் தாண்டாமல் நிறுத்திவைக்கப்பட்டது. எனவே அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பதிப்பைச் சோதிக்கும் குறிமுறைக்கு 255க்கும் 260க்கும் வித்தியாசம் தெரியாது.

இதற்கு நல்ல மாற்று, பதிப்பைக் கேட்காமல் வசதியையே சோதித்துப் பார்ப்பது. இந்த ஃபங்ஷன் இத்தனை ஆர்கியுமென்டோடு கம்பைல் ஆகிறதா என்று சின்ன நிரலை ஓட்டிப் பார்த்து அதற்கேற்ப மேக்ரோவை வரையறுப்பது. ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அப்படித்தான் செய்கிறது, என்விடியாவின் மாட்யூலும் அதே வழிதான். பதிப்புச் சோதனைகள் பத்துக்கு மேல் போய்விட்டால் இதற்கு மாறுவது நல்லது.

இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது தோல்வி வரும் நேரம். கெர்னல் அப்டேட் ஆகும்போது ஹெடர் தொகுப்பு இல்லாமலோ கம்பைல் பிழையாலோ மாட்யூல் உருவாகாமல் போகலாம். அப்டேட் முடிந்ததாகவே தோன்றும். மாட்யூல் இல்லை என்பது அடுத்த பூட்டில்தான் தெரியவரும். அது ஒலி அட்டைக்கான டிரைவர் என்றால் பரவாயில்லை. நெட்வொர்க் டிரைவர் என்றால், பார்க்க வேண்டிய லாகே எட்டாத இடத்தில் இருக்கும்.

செக்யூர் பூட் இன்னொரு செலவு. அங்கேயே கம்பைல் ஆகும் மாட்யூலுக்கு அங்கேயே கையொப்பம் இட வேண்டும். அதற்கான சாவியை இயந்திரத்தில் பதிவுசெய்ய, பூட் நேரத்தில் திரைக்கு முன் யாராவது உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மடிக்கணினிக்குச் சரி. நூற்றுக்கணக்கான சர்வர்களுக்கு? அதோடு, கையொப்பமிடும் சாவியை ஒவ்வொரு இயந்திரத்திலும் போட்டுவைத்தால் செக்யூர் பூட்டின் பயனே பாதி போய்விடுகிறது.

டிகேஎம்எஸ் பொருந்தும் இடம்: பயனர்கள் தாங்களே விரும்பிய கெர்னலை வைத்திருக்கும் டெஸ்க்டாப் உலகம், மெயின்லைனுக்குப் போக முடியாத உரிமம் கொண்ட பெரிய மாட்யூல், அல்லது மெயின்லைனுக்குப் போகும் வரையிலான இடைக்காலம்.

## உறையவைத்த கேஏபிஐ: ஒரு முறை கம்பைல் செய்து பல அப்டேட்டுகளுக்கு

ரெட் ஹாட், சூசே போன்ற விநியோகங்கள் கெர்னலின் பைனரி இடைமுகத்தில் ஒரு பகுதியை உறையவைக்கின்றன. ஆண்ட்ராய்டில் இதற்கு கேஎம்ஐ என்று பெயர். ஆண்ட்ராய்டு 12ஓடு 5.10 கெர்னலில் வெளிவரும் சாதனங்களிலிருந்து எல்லோருக்கும் பொதுவான ஜிகேஐ கெர்னல் கட்டாயம். சிப் தயாரிப்பாளர்கள் தங்கள் பகுதியை மாட்யூல்களாகத் தர வேண்டும், அவை அந்தக் கிளையின் உறைந்த சிம்பல் பட்டியலுக்குள் நிற்க வேண்டும்.

கெர்னல் நாளுக்கு நாள் மாறும்போது இதை எப்படி உறையவைக்கிறார்கள்? முக்கியமான ஸ்ட்ரக்ட்களில் முன்கூட்டியே காலி இடங்களைப் போட்டுவைக்கிறார்கள். பின்னால் ஒரு பாதுகாப்புப் பேட்ச்சுக்குப் புதிய புலம் தேவைப்பட்டால் காலி இடம் ஒன்று யூனியனாக மாறி அந்தப் புலத்தை ஏற்றுக்கொள்ளும். அளவு மாறாது, மற்ற புலங்கள் நகராது. சிஆர்சி கணக்கிடும் கருவி வரும்போது மட்டும் பழைய வடிவத்தைக் காட்டும்படி மேக்ரோ ஒன்று மறைத்துவிடும். எண்ணும் மாறாது. கருவியை ஏமாற்றுகிற வேலைதான் இது. ஆனால் உண்மையில் பொருந்துகிறது என்று தெரிந்தே செய்யும் ஏமாற்று.

உங்கள் பக்கத்தில் வேலை எளிது. ரெட் ஹாட் வழியில் ஒரு முறை கம்பைல் செய்த மாட்யூலை, சிம்பல் எண்கள் பொருந்தும் புதிய கெர்னலுக்கும் இணைப்புக் கோப்பு போட்டுக் கொடுத்துவிடும் வீக்-மாட்யூல்ஸ் என்ற நிரல் இருக்கிறது. மாட்வெர்ஷன்ஸ் இயங்கும்போது கெர்னலின் பதிப்புப் பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று மாட்யூல் ஏற்றும் பகுதி விட்டுவிடுவதால்தான் இது சாத்தியம். கம்பைலர் வேண்டாம், கையொப்பம் உங்கள் கட்டுமான சர்வரிலேயே முடிந்துவிடும்.

சிக்கல் பட்டியலில் இருக்கிறது. உறுதி எக்ஸ்போர்ட் ஆகும் எல்லா சிம்பல்களுக்கும் அல்ல, பட்டியலிட்டவற்றுக்கு மட்டும். உங்கள் மாட்யூல் கேட்கும் அறுபது சிம்பல்களில் ஐம்பத்தெட்டு பட்டியலில் இருந்து இரண்டு இல்லாமல் போனால், உங்களுக்கு உறுதியே இல்லை என்றுதான் அர்த்தம். ‘எங்கள் மாட்யூல் கேஏபிஐயோடு ஒத்துப்போகும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சிறு வெளியீடு ஒன்றில் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாட்யூலின் சிம்பல் பட்டியலையும் விநியோகம் வெளியிடும் பட்டியலையும் கட்டுமானத்தின்போதே தானியங்கியாக ஒப்பிட்டு, வெளியே நிற்பவை இருந்தால் கட்டுமானத்தைத் தோல்வியடையச் செய்யுங்கள். இல்லாத சிம்பலைச் சேர்க்கச் சொல்லி விநியோகத்திடம் கேட்கலாம். அவர்கள் ஒத்துக்கொள்வதற்கு வாடிக்கையாளர் தேவை போன்ற காரணம் வேண்டும்.

இன்னொரு செலவு மெதுவாகத் தெரியும். உறைந்த கிளைக்கு வயதாக ஆக, உங்கள் குறிமுறை மெயின்லைனிலிருந்து விலகிக்கொண்டே போகும். அடுத்த பெரிய வெளியீட்டுக்கு மாறும்போது பல வருட மாற்றங்கள் ஒரே மூட்டையாக வந்து விழும். டிகேஎம்எஸ்ஸில் தவணையாகக் கட்டுவதை இங்கே மொத்தமாகக் கட்டுகிறீர்கள். மொத்தமாகக் கட்டுவது சில நிறுவனங்களுக்கு வசதி. திட்டமிடலாம், ஆள் ஒதுக்கலாம்.

‘எங்கள் சாதனத்துக்கு நாங்களே ஒரு கேஏபிஐயை உறையவைக்கலாமா?’ என்றும் கேட்கிறார்கள். உங்கள் கெர்னலுக்கு வெளியார் யாரும் பைனரி மாட்யூல் தராதவரை வேண்டவே வேண்டாம். கெர்னலும் மாட்யூலும் உங்கள் கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கம்பைல் செய்து சேர்த்தே அனுப்புங்கள். நீண்டகால ஆதரவுக் கிளையின் திருத்த வெளியீடுகள் சிம்பல்களை மாற்ற மாட்டா என்று நினைக்கவும் வேண்டாம். அப்படி ஒரு வாக்கு அங்கே கிடையாது. நீண்டகாலக் கிளையிலிருந்து வரும் பேட்ச் கேஎம்ஐயை உடைத்தால், ஆண்ட்ராய்டு குழு தன் கிளையில் அதை மாற்றி எழுதவோ திரும்பப் பெறவோ வேண்டியிருக்கிறது. முழுநேரக் குழு செய்யும் வேலை அது.

பொருந்தும் இடம்: வாடிக்கையாளர்கள் ஒன்றிரண்டு என்டர்பிரைஸ் விநியோகங்களுக்குள் இருக்கிறார்கள், மாட்யூல் கேட்கும் சிம்பல்கள் பட்டியலுக்குள் அடங்குகின்றன, களத்தில் கம்பைலர் வைக்க அனுமதி இல்லை.

## மெயின்லைன்: கெர்னலுக்குள்ளேயே போய்விடுவது

உள்ளே போன குறிமுறைக்குக் கிடைக்கும் பெரிய சலுகை ஒன்று. உள் இடைமுகத்தை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் மரத்திலுள்ள எல்லாக் குறிமுறையையும் தானே சரிசெய்ய வேண்டும். மேலே சொன்ன கிளாஸ்_கிரியேட் மாற்றம் வந்தபோது உள்ளே இருந்த டிரைவர்களின் பராமரிப்பாளர்கள் விரலை அசைக்க வேண்டியிருக்கவில்லை. சிம்பல் டேபிள் பற்றிய கவலையே காணாமல் போகிறது.

விலை முன்கூட்டியே கட்ட வேண்டும். மறுஆய்வில் வடிவமைப்பையே மாற்றச் சொல்வார்கள். உங்கள் சொந்த அருவ அடுக்கு, பழைய கெர்னல்களுக்கான இணக்க மேக்ரோக்கள் எல்லாம் வெளியே போக வேண்டும். உரிமத்தில் பேரமே இல்லை. சேர்ந்த பிறகும் அந்தப் பதிப்பு விநியோகங்களுக்குள் வந்து வாடிக்கையாளரைச் சேர வெகுகாலம் ஆகலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. உள்ளே போன நொடியிலிருந்து உங்கள் ஐஆக்டில்களும் சிஸ்எஃப்எஸ் கோப்புகளும் பயனர் இடைமுகம். அதாவது ‘உடைக்கக் கூடாது’ என்ற கடும் விதி இப்போது உங்களைக் கட்டும். தனி மாட்யூலாக இருந்தபோது ஐஆக்டில் ஸ்ட்ரக்ட்டில் புலத்தை நினைத்தபடி மாற்றி, கூடவே வரும் நூலகத்தையும் மாற்றியிருப்பீர்கள். இனி முடியாது. உள்நோக்கிய இணக்கச் சுமையைக் கொடுத்துவிட்டு வெளிநோக்கிய சுமையை வாங்கிக்கொள்கிறீர்கள். எனவே அனுப்பும் முன் அந்த ஸ்ட்ரக்ட்களில் அளவுப் புலம், கொடிப் புலம் ஆகியவற்றை வைத்து, பயன்படாத பிட்டுகள் பூஜ்ஜியமாக இருக்கின்றனவா என்று சோதித்து நிராகரிக்கும்படி எழுதிவிடுங்கள். பின்னால் விரிவாக்க இடம் கிடைக்கும்.

வன்பொருள் டிரைவர், ஜிபிஎல்லுக்கு மறுப்பு இல்லை, ஐந்து வருடத்துக்கு மேல் ஆயுள் என்ற மூன்றும் சேர்ந்தால் நான் வேறு வழியை யோசிக்கவே மாட்டேன்.

## கெர்னலுக்கு வெளியே: பயனர் நிரல் அல்லது இபிபிஎஃப்

உங்கள் மாட்யூல் கெர்னலுக்குள் இருந்தே ஆக வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா? யூஎஸ்பி சாதனத்துக்கு லிப்யூஎஸ்பி, பிசிஐ சாதனத்துக்கு விஎஃப்ஐஓ, கோப்பு முறைமைக்கு ஃப்யூஸ் என்று இடைமுகங்கள் இருக்கின்றன. இவை எல்லாம் உடையாத பக்கத்தில் நிற்பவை. ஆப்பிள் 2019இன் மேக்ஓஎஸ் 10.15இல் வெளியார் டிரைவர்களை டிரைவர்கிட் மூலம் பயனர் பகுதிக்குத் தள்ளத் தொடங்கியதும் இதே திசையில்தான்.

கவனிப்பு, தடமறிதல், பாதுகாப்புக் கண்காணிப்பு போன்ற மாட்யூல்களுக்கு, சிறு நிரல்களைச் சோதித்துக் கெர்னலுக்குள் ஓட்டும் இபிபிஎஃப் வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. கெர்னல் தன் வகைகளின் விவரத்தை பிடிஎஃப் (BTF) வடிவில் தானே வைத்திருக்கிறது. ஒரு முறை கம்பைல் ஆன நிரல் ஏறும்போது, லிப்பிபிஎஃப் நூலகம் அந்த விவரத்தைப் பார்த்து ஸ்ட்ரக்ட் புலங்களின் இடத்தைச் சரிசெய்துவிடும். சிஆர்சி ‘வடிவம் மாறிவிட்டது, போ’ என்று கதவைச் சாத்தும் இடத்தில், இது புதிய வடிவத்துக்கு ஏற்ப நிரலைத் திருத்திக்கொள்கிறது.

ஓர் உதாரணம். டாஸ்க்_ஸ்ட்ரக்ட்டில் ‘ஸ்டேட்’ என்று இருந்த புலம் 5.14இல் முன்னால் இரண்டு அடிக்கோடுகளோடு ‘__ஸ்டேட்’ ஆனது, வகையும் மாறியது. கெர்னல் மாட்யூல் என்றால் இரண்டு பைனரி வேண்டும். இபிபிஎஃப் நிரலிலோ பழைய வடிவத்தை வேறொரு பின்னொட்டோடு அறிவித்துவிட்டு, ‘இந்தப் புலம் இருக்கிறதா’ என்று ஓடும்போதே கேட்டு இரண்டு கிளையாகப் பிரிக்கலாம். ஒரே பைனரி இரண்டு கெர்னலிலும் ஓடும்.

இதற்கும் வரம்பு உண்டு. புலம் நகர்ந்தால் சரிசெய்யலாம். நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் உள் ஃபங்ஷனே பெயர் மாறினாலோ கம்பைலர் அதை இன்லைன் செய்துவிட்டாலோ ஒட்ட இடம் இருக்காது. கெர்னல் தானே வைத்துத்தரும் ட்ரேஸ்பாயின்ட் கிடைத்தால், உள் ஃபங்ஷனில் ஒட்டும் கேப்ரோபை விட அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இபிபிஎஃப் நிரல் கூப்பிடும் ஹெல்பர் ஃபங்ஷன்கள் நிலையானவை. கேஃபங்க் எனப்படும் புதியவற்றுக்கு அந்த அளவு உறுதி இல்லை. ஸ்டேக் 512 பைட்தான். நிரலை ஏற்றும் முன் சோதிக்கும் வெரிஃபையர், ஒரு பதிப்பில் ஏற்றுக்கொண்ட நிரலை இன்னொரு பதிப்பில் நிராகரிப்பதும் நடக்கும். அதனால் பல கெர்னல்களில் சோதனை ஓட்டும் ஏற்பாடு இங்கும் தேவை. பயனர் பகுதி டிரைவர்களில் விஎஃப்ஐஓவுக்கு ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்) வேண்டும், ஃப்யூஸில் ஒவ்வொரு கோரிக்கையும் கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையே போய்வரும் செலவு இருக்கும்.

## ஐந்தாவது வழி என்று சொல்லப்படுவது

எக்ஸ்போர்ட் ஆகாத சிம்பலின் முகவரியைத் தேடிப்பிடித்து நேரடியாகக் கூப்பிடுவது. இதற்கு வாகாக இருந்த கால்சிம்ஸ்_லுக்கப்_நேம் ஃபங்ஷனே 2020இல் 5.7இலிருந்து எக்ஸ்போர்ட் ஆவதில்லை. அதன் முகவரியை ஒரு கேப்ரோப் போட்டு எடுக்கும் உத்தி உடனே பரவியது. இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.

இங்கே சிஆர்சி இல்லை, வகைச் சோதனை இல்லை. ஆர்கியுமென்ட் மாறினால் கம்பைலரும் சொல்லாது, மாட்யூல் ஏற்றும் பகுதியும் சொல்லாது. தவறான ஆர்கியுமென்டோடு கூப்பிட்டு நினைவகத்தைக் கெடுத்த பிறகுதான் தெரியும். இப்போது இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது. இன்டெல் ஐபிடி பாதுகாப்பு இயங்கும் கெர்னல்களில், முகவரி வழியாகக் கூப்பிடத் தேவையில்லாத ஃபங்ஷன்களின் தொடக்கக் குறியைக் கெர்னல் பூட் நேரத்திலேயே அழித்துவிடுகிறது. தேடிப்பிடித்த முகவரிக்குத் தாவினால் செயலி அங்கேயே தடுத்துக் கெர்னலை வீழ்த்தும். சோதனைக்கூடத்தில் பிழைதேட வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளரிடம் அனுப்பாதீர்கள்.

எக்ஸ்போர்ட்டை நம்பியிருந்தாலும் முழு நிம்மதி இல்லை என்பதற்கு இசட்எஃப்எஸ் சாட்சி. மிதவைப் புள்ளிப் பதிவேடுகளைக் கெர்னலுக்குள் பயன்படுத்த உதவும் ஃபங்ஷன் ஒன்று 5.0இல் எக்ஸ்போர்ட்டிலிருந்து நீக்கப்பட்டது, இருந்த மாற்று ஜிபிஎல்லுக்கு மட்டும். உரிமம் பொருந்தாததால் செக்சம் கணக்கை வேகப்படுத்தும் வசதி சிறிது காலம் முடங்கி, அவர்களே சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

## இரண்டைச் சேர்த்துச் செய்வது

நடைமுறையில் ஒரே வழியில் நிற்பவர்கள் குறைவு. விபிஎன் மென்பொருளான வயர்கார்ட் நல்ல முன்மாதிரி. 2020இல் 5.6 பதிப்பில் மெயின்லைனுக்குள் போனது. 3.10 முதல் 5.5 வரையிலான கெர்னல்களுக்கு இணக்க அடுக்கோடு தனி மாட்யூலாகவும் கிடைத்தது. டிரைவரின் முக்கியக் குறிமுறையை எப்போதும் புதிய கெர்னலின் வடிவத்தில் எழுதிவிட்டு, பழைய கெர்னலைப் புதியதுபோல் காட்டும் வேலையை மொத்தமாக ஒரே ஹெடரில் ஒதுக்கிவிடுவது இதன் சாரம். டிரைவருக்குள் ஒரு பதிப்புச் சோதனையும் இருக்காது. பழைய கெர்னலுக்கான ஆதரவை நிறுத்தும் நாளில் அந்த ஹெடரிலிருந்து சில வரிகளை வெட்டினால் போதும். இப்போதைக்கு டிகேஎம்எஸ்தான் என்று முடிவு செய்தவர்களும் இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளலாம். பிற்பாடு மெயின்லைனுக்கு அனுப்ப மனம் வந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

மாட்யூலைப் பிரிப்பதும் ஒரு வழி. வன்பொருளைத் தொடும் மெல்லிய பகுதி மட்டும் கெர்னலில், மீதி பயனர் பகுதியில். இதனால் சிம்பல் பட்டியல் சுருங்கும், சுருங்கிய பட்டியல் கேஏபிஐக்குள் அடங்கும் வாய்ப்பும் கூடும். எதைச் செய்வதாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். உங்கள் மாட்யூலின் சிம்பல் பட்டியலை எடுத்து, ஆதரவு தர வேண்டிய கெர்னல்களில் மிகப் பழையதிலும் மிகப் புதியதிலும் ஒவ்வொன்றும் எக்ஸ்போர்ட் ஆகிறதா, ஜிபிஎல்லுக்கு மட்டுமா, எந்தப் பெயர்வெளியில் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத வரிகள் நான்கைந்துதான் என்றால் அவற்றை மட்டும் வேறு விதமாக எழுத முடியுமா என்று பாருங்கள். பாதிப் பட்டியல் ஒத்துப்போகவில்லை என்றால் மாட்யூலின் வடிவமைப்பையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும், டிகேஎம்எஸ்ஸா கேஏபிஐயா என்ற கேள்வியை அதுவரை ஒத்திவைக்கலாம்.